இரண்டு விநாடி உத்தியோகம்

இரண்டு விநாடியில் முடிந்துவிடுகிற உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. ஆறு மாடிக் கட்டிடத்தின் உயரமுள்ள பாறை ஒன்றில் ஏறி, அதன் நுனியில் போய் நிற்க வேண்டும். கீழே கடலோ, ஏரியோ, ஆறோ இருக்கும். குதிக்க வேண்டும். மூட்டையைத் தள்ளிவிட்டது போல் விழுந்தால் போதாது. வழியில் இரண்டு மூன்று குட்டிக்கரணம் போட்டு, உடம்பைத் திருகி, கடைசி நேரத்தில் அம்பு மாதிரி நேராகி, இரண்டு பாதங்களும் சேர்ந்தாற்போல் தண்ணீருக்குள் போக வேண்டும். நீர் அதிகம் தெறிக்கக் கூடாது. பிறகு மேலே வந்து, 'நான் சௌக்கியம்' என்று கையைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான், ஒரு முறை ஆயிற்று.

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ரியானன் இஃப்லண்ட் என்ற பெண் இந்த வேலையில் பெயர் எடுத்தவள். 1991-ல் பிறந்தவள். ரெட் புல் என்ற பானக் கம்பெனிக்காரர்கள் வருஷந்தோறும் நடத்தும் பாறைக் குதிப்புப் போட்டித் தொடரில் 2016-லிருந்து 2024 வரை அவளைத் தவிர வேறொரு பெண் முதலிடத்துக்கு வந்ததில்லை. நடுவில் 2020-ல் மட்டும் கொரோனாவினால் போட்டியே நடக்கவில்லை. ஆக, எட்டு முறை. இது தவிர நீச்சல் சம்மேளனத்தின் உலகப் போட்டிகளில் 2017-ல் புடாபெஸ்ட், 2019-ல் குவாங்ஜு, 2023-ல் ஃபுகுவோகா, 2024-ல் தோஹா, 2025-ல் சிங்கப்பூர் என்று ஐந்து தங்கப் பதக்கங்கள். 2019-ஆம் வருஷத் தொடரில் ஏழு ஊர்களில் ஏழு போட்டிகள் நடந்தன. ஏழிலும் அவளே ஜயித்தாள்.

ஒரு போட்டிக்குச் சாதாரணமாக நாலு குதிப்பு. ஏழு போட்டிக்கு இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் இரண்டு விநாடிக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அந்த மகத்தான வருஷம் முழுவதிலும் அவள் போட்டிக்காக ஆகாயத்தில் இருந்த நேரம் சுமார் ஒரு நிமிஷம்!

இதையெல்லாம் எனக்குத் தெரியப்படுத்தியவள் என் பேத்தி. ஒரு நாள் சாயங்காலம் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "தாத்தா, இதைப் பாருங்கள்" என்றாள். பார்த்தேன். சரியாகப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. "மறுபடி போடு" என்றேன். என் மனைவியும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். மூன்றாம் முறை பார்த்த பிறகு அவள் கேட்டாள்: "ஏங்க, இந்தப் பெண்ணைப் பெற்றவள் எங்கே? கீழே நின்று பார்த்துக்கொண்டா இருக்கிறாள்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"இதற்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள்?"

அதுவும் தெரியவில்லை. கதை எழுதுகிறவனிடம் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டால் அவன் அன்றிரவு தூங்கமாட்டான். பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

முதலில், அந்த இரண்டு விநாடிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் குதிக்கும் உயரம் சுமார் 20 மீட்டர். அறுபத்தைந்து அடிக்கு மேல். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். மேலேயிருந்து விடுபட்ட உடம்பு முதல் பத்து மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 1.4 விநாடி ஆகிறது. அடுத்த பத்து மீட்டருக்கு 0.6 விநாடிதான். அதாவது, முதல் பாதியில் கரணம் போடக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. இரண்டாம் பாதியில் தண்ணீர் ஓடி வந்து மோதுகிறது. தொடும்போது வேகம் மணிக்கு எழுபது கிலோமீட்டர். ஒலிம்பிக்கில் நாம் பார்க்கிற 10 மீட்டர் மேடையிலிருந்து குதிப்பவர்கள் தலை கீழாக, கைகளை முன்னே நீட்டிக்கொண்டு போகிறார்கள். இந்த உயரத்தில் அது ஆகாது. தலையும் தோளும் தாங்கா. ஆகவே கால் முதலில் போக வேண்டும். கால் கொஞ்சம் அகன்றாலும், முதுகு கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் தண்ணீராக இராது.

எங்கள் ஊர்க் கிணற்றில் கமலைக்கல்லின் மேலிருந்து குதித்த பையன்களுக்கு இது கொஞ்சம் புரியும். பதினைந்து அடிதான். ஆனாலும் வயிறு அடித்து விழுந்தவன் அன்று பூராவும் குப்புறப் படுக்க மாட்டான். அந்த அடியைப் போல எத்தனை மடங்கு என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால், அசையாத தெளிந்த நீரின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதற்காகக் கீழே நீந்திக்கொண்டிருக்கும் காவல் ஆட்கள் கையால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நுரையைப் பார்த்துத்தான் மேலே இருப்பவள் அளவெடுக்கிறாள். கரணங்கள் முடியும் தறுவாயில் உடம்பை அரைத் திருப்பு திருப்பி, முகத்தைத் தண்ணீரின் பக்கம் கொண்டுவந்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, நிமிர்ந்து விறைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் அந்த 0.6 விநாடிக்குள்!

பழகுவது எப்படி? இதுதான் எனக்கு மிகவும் வியப்பைத் தந்த விஷயம். இவ்வளவு உயரமான நிரந்தர மேடைகள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. ஆகவே இவர்கள் தங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பத்து மீட்டர் மேடையிலிருந்து பாதிப் பாதியாகப் பழகுகிறார்கள். ஒரு நாள் மேல் பாதி: கிளம்புவதும் முதல் கரணங்களும். இன்னொரு நாள் கீழ்ப் பாதி: கடைசிக் கரணமும், அரைத் திருப்பும், நீரில் இறங்குவதும். இரண்டு பாதிகளும் ஒன்று சேர்வது பெரும்பாலும் போட்டி நடக்கும் ஊருக்குப் போன பிறகுதான். பல்லவியை ஒரு வீட்டிலும் சரணத்தை இன்னொரு வீட்டிலும் பாடிப் பழகிவிட்டு, நேரே கச்சேரி மேடையில் முழுக் கீர்த்தனத்தையும் பாடுவது போல.

இனி சம்பளக் கேள்விக்கு வருகிறேன். என் மனைவி கேட்டதில் அதுதான் சரியான கேள்வி என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது.

ரியானன் சின்னப் பெண்ணாக இருந்தபோது டிராம்போலின் என்கிற துள்ளு மெத்தையில் குதித்துப் பழகியவள். பிறகு நீச்சல் குளத்துப் பலகைக்கு வந்தாள். நன்றாகவே செய்தாள். ஆனால் ஒலிம்பிக்குக்குப் போனவளில்லை. விளையாட்டு உலகத்தில் அந்த வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுகிறவர்கள் ஆயிரம் பேர். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கையில் இருப்பது ஆகாயத்தில் கரணம் போடத் தெரிந்த வித்தை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் உல்லாசக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்தக் கப்பல்கள் மிதக்கும் ஊர்கள். பிரயாணிகள் சாப்பிட்டு, தூங்கி, மறுபடி சாப்பிட்டு, பொழுது போகாமல் இருப்பார்கள். அவர்களுக்காக மேல்தளத்தில் ஒரு குளம். அதைச் சுற்றி நாற்காலிகள். வண்ண விளக்கு, பாட்டு. உயரமான மேடையிலிருந்து ஆட்கள் அந்தக் குளத்துக்குள் பாய்வார்கள். குளமோ அடக்கமானது. கப்பலோ கடலின் மேல் அசைந்துகொண்டிருக்கும். காற்று ஒரு நாள் போல் ஒரு நாள் இராது. பிரயாணிகள் கை தட்டிவிட்டு ஐஸ்கிரீம் தின்னப் போய்விடுவார்கள். மறுநாள் மறுபடி. விளையாட்டுச் சங்கங்களின் மதிப்புரையில் இதற்கு ஓர் இடமும் இல்லை. அது 'ஷோ'. சர்க்கஸ்.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நான் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பிழைத்தவன். வாரா வாரம் அச்சாபீஸ் பையன் திண்ணையில் வந்து உட்காருவான். கதாநாயகிக்கு ஜுரமோ எனக்கு ஜுரமோ, எட்டுப் பக்கம் போயாக வேண்டும். ஓர் இலக்கியக் கூட்டத்தில் பெரிய விமரிசகர் ஒருவர், நான் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, "கூலிக்கு மாரடிக்கிற எழுத்து வேறு, இலக்கியம் வேறு" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். நானும் புன்னகை செய்தேன். வேறென்ன செய்வது? அந்த மாதம் அந்தக் கூலியில்தான் என் பெண்ணின் காலேஜ் சம்பளம் கட்டியிருந்தேன்.

அதனால்தானோ என்னவோ, இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது பதக்கங்கள் அல்ல, கப்பல்தான். மனம் சரியில்லாத நாளிலும், உடம்பு வலிக்கிற நாளிலும், பார்ப்பவன் பாதி தூக்கத்தில் இருக்கிற நாளிலும் உயர ஏறிக் குதித்தாக வேண்டியிருந்தது. உயரத்தை உடம்பு கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எந்தச் சங்கமும் நடத்தவில்லை என்றே தோன்றுகிறது.

கூலிக்குக் குதித்தவர்களின் பரம்பரை ஒன்று அவளுக்கு முன்னாலேயே உண்டு. அதே நியூ சவுத் வேல்ஸ்காரிதான் அனெட் கெல்லர்மன். 1886-ல் சிட்னியில் பிறந்தவள். குழந்தைப் பருவத்தில் கால்கள் பலம் இல்லாமல் இரும்புப் பட்டை போட்டு நடந்தாள். கால் தேறுவதற்காக நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். தகப்பனார் பிடில் வாத்தியார். வீட்டில் பணக் கஷ்டம் வந்தபோது, நீச்சலும் குதிப்பும்தான் அரிசி வாங்கித் தந்தன. மெல்போர்னில் கண்ணாடித் தொட்டிக்குள் மீன்களோடு மீனாக நீந்திக் காட்டினாள். பெண்ணைப் பெற்றவர்களைப் பற்றிக் கேட்டாளே என் மனைவி, இந்த விஷயத்தில் பதில் இருக்கிறது: 1905-ல் அவள் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனபோது தகப்பனாரும் கூடவே போனார். தேம்ஸ் நதியில் நீந்தினாள். ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றாள், முடியவில்லை. அமெரிக்காவுக்குப் போய் நாடக மேடையிலும், பிறகு சினிமாவிலும் குதித்தாள். பாவாடை கட்டிக்கொண்டு பெண்கள் கடலில் இறங்கிய நாட்களில், உடம்போடு ஒட்டிய ஒற்றை உடையில் நீந்தி ஊரெல்லாம் பேச்சுக்கு ஆளானாள்.

அவளுடைய கதையை 1952-ல் ஹாலிவுட்காரர்கள் படமாக எடுத்தார்கள். அனெட்டாக நடித்தவள் எஸ்தர் வில்லியம்ஸ். ஒரு காட்சிக்காகத் தலையில் உலோகக் கிரீடத்தை வைத்துக்கொண்டு உயரத்திலிருந்து குதித்தாள். கிரீடம் தண்ணீரில் மோதி, கழுத்து எலும்புகள் முறிந்து, மாதக் கணக்கில் உடம்பில் மாக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தாள். நடிப்புத்தானே என்று தண்ணீர் சலுகை காட்டவில்லை.

ஸொனோரா வெப்ஸ்டர் என்பவளின் கதை இதைவிடக் கடுமை. 1904-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்தவள். நீந்தவும் குதிக்கவும் தெரிந்த பெண் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, 1923-ல் ஒரு வேடிக்கைக் கம்பெனியில் சேர்ந்தாள். வேலை என்ன தெரியுமா? 40 அடிக்குக் குறையாத மேடையின் மேல், ஓடி வரும் குதிரையின் முதுகில் தாவி ஏறி, குதிரையோடு கீழே தொட்டிக்குள் பாய்வது. (குதிரையின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) 1931-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு நாள் கண்ணை மூடாமல் தண்ணீரில் விழுந்துவிட்டாள். விழித்திரை பிய்ந்து, இரண்டு கண்ணும் போய்விட்டன. அதன் பிறகு பதினொரு வருஷம் அதே வேலையைச் செய்தாள். கண் தெரியாமல்! குதிரையின் குளம்புச் சத்தத்தைக் கேட்டுத் தாவி ஏறினாள். பார்க்க வந்தவர்களில் பலருக்கு அவள் பார்வையற்றவள் என்பதே தெரியாது. தொண்ணூற்றொன்பது வயது வரை இருந்து 2003-ல் காலமானாள். 1961-ல் தன் வாழ்க்கையைப் பற்றிப் புஸ்தகமும் எழுதினாள். ஆனால் எந்த விளையாட்டுச் சரித்திரத்தில் அவள் பெயரைச் சேர்ப்பார்கள்? அவள் கூலிக்காரி அல்லவா?

ஆண்கள் குதித்தால் அதற்கு ராஜ பரம்பரை கிடைத்துவிடுகிறது. ஹவாய்த் தீவுகளில் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்த கஹேகிலி என்ற மன்னன், லானாய்த் தீவின் தென்முனையில் செங்குத்துப் பாறையிலிருந்து நீர் தெறிக்காமல் குதித்தானாம். தன் வீரர்களையும் குதிக்கச் சொல்லி அவர்கள் தைரியத்தைச் சோதித்தானாம். இந்தக் கலையின் மூலபுருஷன் என்று அவனைச் சொல்கிறார்கள். ரெட் புல் கோப்பைக்கும் அவன் பெயர்தான். மெக்ஸிகோவில் அகபுல்கோவில் லா கெப்ராடா என்ற பாறை இடுக்கில் 1930-களிலிருந்து உள்ளூர் இளைஞர்கள் பிரயாணிகளுக்கு முன்னால் குதித்து வருகிறார்கள். அலை உள்ளே வரும் சமயம் பார்த்துக் குதிக்காவிட்டால் கீழே போதிய தண்ணீர் இராது. அவர்களும் காசுக்குத்தான் குதிக்கிறார்கள். ஆனால் பெயர் வீரம்.

ஒலிம்பிக்கில் ஆண்களின் குதிப்பு 1904-ல் வந்தது. பெண்களுக்கு 1912 வரை காத்திருக்கும்படி ஆயிற்று. அப்போதும் கரணம் கிரணம் இல்லாத சாதாரணக் குதிப்புதான். ஸ்வீடன் தேசத்து கிரெட்டா யோஹான்ஸன் அதில் தங்கம் வாங்கினாள். பாறைக் குதிப்பிலும் கதை அதுதான். ரெட் புல் தொடர் 2009-ல் ஆரம்பித்தது. பெண்களுக்கு 2014-ல் திறந்தார்கள். முதல் இரண்டு வருஷமும் அமெரிக்காவின் ரேச்சல் ஸிம்ப்ஸன் ஜயித்தாள். நீச்சல் சம்மேளனம் 2013-ல் பார்ஸலோனாவில் இந்த விளையாட்டை முதல் முறையாகச் சேர்த்துக்கொண்டபோது, பெண்களையும் சேர்த்தே அழைத்தது. அமெரிக்காவின் ஸெஸிலி கார்ல்டன் அதில் முதலாவதாக வந்தாள். ஆனால் ஆண்களுக்கு 27 மீட்டர், பெண்களுக்கு 20. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் அதே 10 மீட்டரிலிருந்துதானே குதிக்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் ஏழு மீட்டர் குறைச்சல் என்று என் பேத்தி கேட்டாள். உடம்பின் தாங்கு சக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நிபுணத்துவம் இல்லை. பெண்களைப் பற்றிய கவலை வரும்போதெல்லாம் நம் பெரியவர்கள் முதலில் அளவு நாடாவைத்தான் தேடுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

கப்பலில் இருந்தவள் பாறைக்கு வந்தது 2016-ல். தொடரில் நிரந்தர இடம் இல்லாதவர்களுக்கு, ஒரு போட்டிக்கு மட்டும் வந்து பார் என்று கொடுக்கிற வைல்ட் கார்டு சீட்டு அவளுக்குக் கிடைத்தது. டெக்ஸஸ் மாகாணத்தில் பாஸம் கிங்டம் என்ற ஏரி. அங்கே நரக வாசல் என்று பெயர் பெற்ற இரட்டைப் பாறை. கல்யாணத்துக்கு அழைப்பு இல்லாமல் வந்த தூரத்து உறவுக்காரி மாதிரி போனாள். முதல் போட்டியிலேயே ஜயித்தாள். அடுத்தடுத்த ஊர்களுக்கும் கூப்பிட்டார்கள். வருஷக் கடைசியில் கோப்பை அவள் கையில் இருந்தது. வயது இருபத்தைந்து.

இவர்கள் குதிக்கிற ஊர்களைப் பற்றிப் படித்தாலே ஒரு நாவல் எழுதலாம். போஸ்னியாவில் மோஸ்தர் என்ற ஊரில் 1566-ல் துருக்கியர் கட்டிய வளைவுப் பாலம். 1993-ல் யுத்தத்தில் பீரங்கியால் அடித்து நொறுக்கினார்கள். 2004-ல் மறுபடி கட்டித் திறந்தார்கள். அந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பது உள்ளூர்ப் பையன்களின் பழைய வழக்கம். பிரயாணிகளிடம் தொப்பியை நீட்டிக் காசு சேர்ந்த பிறகுதான் குதிப்பார்கள். அதே பாலத்தின் மேல் மேடை போட்டு, இப்போது பெண்களும் போட்டிக்குக் குதிக்கிறார்கள். அயர்லாந்தின் மேற்கே இனிஷ்மோர் தீவில், யாரோ உளி வைத்துச் செதுக்கியது போல் நீள்சதுரமாக ஒரு கடல் குளம்; அங்கேயும் குதித்திருக்கிறார்கள். அஸோர்ஸ் தீவுகளில் சில குதிப்புகளுக்குப் பலகையும் இல்லை, மேடையும் இல்லை. வெறும் பாறை விளிம்பில் கால் விரலை மடித்து நின்று கிளம்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இத்தாலியில் பொலிஞானோ அ மாரே என்ற ஊர். ஏட்ரியாட்டிக் கடலின் மேல், சுண்ணாம்புப் பாறையின் விளிம்பிலேயே வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். குதிக்கிற மேடை ஒரு வீட்டின் மொட்டை மாடியிலிருந்து கடலின் மேல் நீண்டிருக்கும். அந்த மாடிக்கு வேறு வழி கிடையாது. வீட்டுக்குள்ளே போய், கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். குடும்பப் படங்கள் மாட்டியிருக்கும் சுவர், நாற்காலி, மேஜை எல்லாவற்றையும் தாண்டி, நீச்சல் உடையும் துண்டுமாக ஒரு பெண் நடந்து போகிறாள். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஆகாயம். இதைப் படித்துச் சொன்னபோது என் மனைவி, "ஈரக் காலோடு திரும்பி வருவார்களே, யார் துடைப்பார்கள்?" என்றாள். திரும்பி வரமாட்டார்கள், குதித்துவிடுவார்கள் என்றேன். "நாலு தரம் குதிக்க வேண்டும் என்றீர்களே?" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

பயம்? ரியானனை அதைக் கேட்காதவர்கள் கிடையாது. பயம் போய்விட்டது என்று அவள் சொல்வதில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மேலே நிற்கும்போது அது இருக்கிறது என்றுதான் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. முதலில் நான் அந்த இரண்டு விநாடியைத்தான் கதையாக எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் அதில் எழுத ஒன்றும் இல்லை. உடம்பு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. மனசுக்கு அங்கே இடம் இல்லை. கதை இருப்பது அதற்கு முன்னால். கோபுரத்தின் மேல் நிற்கிறாள். தன் முறை வரும் வரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருக்கிறாள். முன்னால் போனவளுக்கு என்ன ஆயிற்று என்பது கை தட்டல் சத்தத்திலிருந்து தெரிகிறது. விளிம்புக்கு வருகிறாள். சில குதிப்புகளுக்குக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குதிகால் அந்தரத்தில் தொங்க நிற்க வேண்டும். சிலர் கைகளை ஊன்றித் தலை கீழாக நின்று தொடங்குவார்கள். பின்னாலேயே படி இருக்கிறது. இறங்கி வந்துவிட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை. கீழே ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தாலும், அந்தப் படியைப் பற்றிய தீர்மானத்தை அவள் ஒருத்தியேதான் செய்கிறாள். நாலு தரம் ஏறினால் நாலு தரமும் புதிதாகச் செய்ய வேண்டும். கப்பலில் பிரயாணிகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த இரவுகளிலும் அதைச் செய்திருக்கிறாள் என்பதை நினைத்துக்கொண்டேன். அங்கே கோப்பையும் இல்லை, மதிப்பெண் போட நடுவர்களும் இல்லை.

நடுவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. ஐந்து பேர் உட்கார்ந்து பத்துக்கு இத்தனை என்று கொடுக்கிறார்கள். அதிகமாகக் கொடுத்தவனையும் குறைவாகக் கொடுத்தவனையும் கழித்துவிட்டு, நடுவில் உள்ள மூன்றையும் கூட்டி, குதிப்பின் கடினத்தால் பெருக்குகிறார்கள். நம் இலக்கியக் கூட்டங்களிலும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தால் தேவலை.

2025 ஜூலையில் சிங்கப்பூரில் ஸெந்தோஸாத் தீவில் உலகப் போட்டி நடந்தபோது, அங்கே குடியிருக்கும் என் மைத்துனியின் மகளுக்கு எழுதி, எப்படியாவது போய்ப் பார்த்து எனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ரியானனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அது அவளுடைய ஐந்தாவது தங்கம். மைத்துனி மகள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, தயிர்சாதப் பொட்டலத்தோடு போயிருந்தாளாம். வெயில் கொளுத்தியதாம். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கோபுர உச்சியில் நின்றவள் கட்டை விரல் அளவுதான் தெரிந்தாளாம். ரொம்ப நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாளாம். 'பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லிக் குழந்தை அழுதது, பெரியப்பா; பிரித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன், தண்ணீரிலிருந்து கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்' என்று எழுதியிருந்தாள்.